நிரலாக்க நெறிகளும் அவற்றை உருக்கொள்ளும் கணினிமொழிகளும்: தமிழ் எழுத்தெண்ணிக்கை, புணர்ச்சி ஆகியவற்றை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கணினிமொழிகள் பல இருப்பினும் அவற்றின் அடியில் இயங்கும் சிந்தனை முறைகள் சிலவே. அவை நிரலாக்க நெறிகள் எனப்படும். ஏவல் நெறி, சார்பு நெறி, பொருள்நோக்கு நெறி, தருக்க நெறி என்னும் நான்கும் எவ்வாறு தோன்றின, ஒன்றிலிருந்து ஒன்று எங்கே வேறுபடுகின்றன, ஒரு மொழி ஒரு நெறியை ‘உருக்கொள்ளுதல்’ என்பதன் பொருள் யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் தமிழ்க் கணிமையிலிருந்து கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிரலாக்க நெறி, ஏவல் நிரலாக்கம், சார்பு நிரலாக்கம், பொருள்நோக்கு, புரோலாக், புணர்ச்சி, ஒருங்குறி, எழில்

முன்னுரை

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று தொடக்கப்பள்ளி மாணவரைக் கேட்டால் மூன்று என்பார். பைத்தான் மொழியில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என விடை வரும். ஒருங்குறியில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிமதிப்புகளாக அச்சொல் சேமிக்கப்படுவதே காரணம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அது 15 பைட்டுகளை நிரப்பும். ஆப்பிள் நிறுவனம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழியோ மூன்று என்றே விடையளிக்கும்.

விடைகள் வேறுபடுவதைக் கணினியின் பிழையெனக் கொள்ளலாகாது. ‘சரம்’ என்றால் என்ன என்பது குறித்து ஒவ்வொரு மொழியும் முன்கூட்டியே ஒரு நிலைப்பாட்டை எடுத்துள்ளது. அந்நிலைப்பாடு நிரலரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனினும் அவர் எழுதும் ஒவ்வொரு வரியையும் அது வழிநடத்துகிறது. சரத்தைப் பற்றி மட்டுமன்றி, கணித்தல் என்றால் என்ன என்பது பற்றியும் மொழிகள் இத்தகைய நிலைப்பாடுகளைக் கொண்டுள்ளன. அவற்றின் தொகுப்பே நிரலாக்க நெறி. ஒரே ஒரு மொழியைப் பயின்று வெளிவரும் மாணவர், அம்மொழியின் நெறியையே கணித்தலின் இயல்பு எனக் கருதிவிடுகிறார். பொதுப் பாடத்திட்டத்தில் இது சிறு குறையாகத் தோன்றலாம். தமிழுக்கான சொற்பிரிப்பி, சந்திப்பிழை திருத்தி போன்றவற்றை உருவாக்க முனைவோருக்கு இது பெருந்தடை.

‘நெறி’ என்னும் சொல்

பாரடைம் என்னும் சொல்லை அறிவியல் வரலாற்றில் பரவலாக்கியவர் தாமஸ் கூன். அவருடைய நூல் 1962இல் வெளிவந்தது. அச்சொல்லைக் கணினியியலுக்குள் அழுத்தமாகக் கொணர்ந்தவர் ராபர்ட் ஃபிளாயிட். 1978ஆம் ஆண்டின் டூரிங் விருதுரைக்கு அவர் இட்ட தலைப்பே நிரலாக்கத்தின் பாரடைம்கள் என்பதாகும். நிரலர் எந்தெந்த நெறிகளில் சிந்திக்கிறாரோ அவற்றை மொழி தாங்க வேண்டும், தாங்காத மொழி எவ்வளவு புதிதாயினும் பயனில்லை என்பது அவருரையின் மையக் கருத்து. கூனின் கருத்துப்படி ஓர் அறிவியல் துறையில் புதிய பாரடைம் பழையதை வீழ்த்தும். நிரலாக்கத்தில் அவ்வாறு நிகழவில்லை. நான்கு நெறிகளும் இன்றும் அருகருகே வாழ்கின்றன. ஆகவே ‘நெறி’ என்னும் தமிழ்ச்சொல் இங்குக் கூடுதலாகவே பொருந்துகிறது எனலாம்; நெறிகள் பல இருக்கலாம், ஓர் ஊருக்குப் பல வழிகள் இருப்பதுபோல.

ஏவல் நெறி

நினைவகத்தில் மதிப்புகள் உள்ளன. கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக அம்மதிப்புகளை மாற்றுகின்றன. இதுவே ஏவல் நெறியின் உலகம். 1945இல் ஜான் வான் நியூமன் பெயரில் வெளிவந்த எட்வாக் அறிக்கை விவரித்த பொறியமைப்பும் இதுவே. 1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் முதல் சி மொழி வரை இந்நெறியின் வழிவந்தவை. தமிழிலக்கணத்தில் முன்னிலையாரை ஏவும் வினைமுற்றை ஏவல் வினைமுற்று என்பர். செய், எழுது, கூட்டு, நிறுத்து என்பன போன்ற ஏவல்களின் நிரலே இங்கு நிரல்.

எழுத்தெண்ணும் பணி இந்நெறியில் இவ்வாறு அமையும். எண்ணிக்கை என்னும் மாறியில் 0 இடுக. சரத்தின் முதற்குறியிலிருந்து இறுதிக்குறி வரை செல்க. குறி சார்பெழுத்துக் குறியாகவோ (உயிர்மெய்க்குரிய கால், கொம்பு முதலியன) புள்ளியாகவோ இல்லாவிடின் எண்ணிக்கையோடு 1 கூட்டுக. மடக்கு முடியும்போது மாறியில் இருப்பதே விடை. ‘தமிழ்’ என்பதில் த, ம, ழ ஆகிய மூன்றிடங்களில் எண்ணிக்கை கூடும். மற்ற இரண்டு குறிகளும் தாண்டப்படும்.

இதில் எளிமையும் உண்டு, இடரும் உண்டு. எண்ணிக்கை என்னும் மாறியின் மதிப்பு யாது என்று கேட்டால், ‘எப்போது?’ என்று எதிர்வினா எழுப்ப வேண்டியிருக்கிறது. நிரலின் வேறொரு பகுதி அதே மாறியைத் தொட்டுவிட்டால் விடை கெடும். கட்டளையோட்டம் எங்கிருந்தும் எங்கும் தாவலாம் என்ற நிலை இவ்விடரைப் பெருக்கியது. 1968இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா தாவல் கட்டளைக்கு எதிராக எழுதிய கடிதம் இதனால்தான் அத்துணைப் புகழ்பெற்றது. ஒரு வசதியை நீக்குவதால் மொழி வளம் பெறக்கூடும் என்பதற்கு அது முதற்சான்றுகளுள் ஒன்று.

சார்பு நெறி

ஃபோர்ட்ரானை உருவாக்கிய பேக்கசே 1977ஆம் ஆண்டின் டூரிங் விருதுரையில் அவ்வழியிலிருந்து நிரலாக்கம் விடுபட முடியுமா என்று வினவினார். நினைவகத்துக்கும் செயலகத்துக்கும் இடையில் ஒவ்வொரு சொல்லாக மதிப்புகள் நெருக்கியடித்துக் கடக்கும் குறுகிய வாயில் பொறியின் குறை மட்டுமன்று, நிரலரின் சிந்தனையையும் அவ்வாறே நெருக்குகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. தாம் கட்டிய வீட்டின் அடித்தளத்தைத் தாமே ஐயுற்ற அறிஞரின் உரை என்ற வகையிலும் அது படிக்கத்தக்கது.

அவர் நாடிய மாற்றுவழி முன்பே முளைவிட்டிருந்தது. ஜான் மெக்கார்த்தி 1958இல் தொடங்கி 1960இல் கட்டுரையாக வெளியிட்ட லிஸ்ப், கணிதச் சார்புகளை மதிப்பிடுதலையே கணித்தலாகக் கொண்டது. 1970களில் எடின்பரோவில் உருவான எம்எல், 1990இல் வரையறுக்கப்பட்ட ஹாஸ்கெல் ஆகியவை அதனை மேலும் கொண்டு சென்றன. ஹாஸ்கெலில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைத் தந்தபின் அதை மாற்ற இயலாது; பள்ளிக் கணிதத்தில் x = 5 எனக் கொண்டபின் அடுத்த வரியில் x வேறாகாததைப் போன்றது அது.

எழுத்தெண்ணிக்கை இந்நெறியில் ஒரு வரையறையாகிவிடுகிறது: சரத்திலிருந்து சார்புக்குறிகளை வடிகட்டி எஞ்சியவற்றின் நீளமே எழுத்தெண்ணிக்கை. இங்கே மாறும் மாறி இல்லை. ‘எப்போது’ என்ற வினாவும் இல்லை. இதன் பயன் பெருந்தொகுப்புகளைக் கையாளும்போது வெளிப்படும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் அனைத்திலும் எழுத்தெண்ணிக்கை காண வேண்டுமெனின், தொகுப்பை நூறு துண்டுகளாக்கி நூறு கணினிகளுக்கு அளித்து, வந்த விடைகளைக் கூட்டினால் போதும். கூகுள் நிறுவனத்தார் 2004இல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் என்னும் முறைக்கு லிஸ்ப் மொழியின் இரு சார்புகளே தூண்டுகோலாயின.

இங்கு ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். மேற்கூறிய வரையறை ஒவ்வொரு குறியையும் தனித்தே நோக்குகிறது. ஆதலால் தொகுப்பை எங்கே வெட்டினாலும், மகரத்துக்கும் அதன் இகரக்குறிக்கும் இடையில் வெட்டினாலுங்கூட, மொத்த எண்ணிக்கை மாறாது. ஆனால் ‘க்ஷ’ என்பதை ஓரெழுத்தாகக் கொள்ள விரும்பினால் நிலைமை வேறு. அது க, புள்ளி, ஷ என மூன்று குறிகளாகச் சேமிக்கப்படுவதால் மேற்கண்ட வரையறை அதனை இரண்டாக எண்ணும். ஒன்றாக எண்ண வேண்டுமெனின் அண்டைக்குறிகளையும் பார்க்க வேண்டும். அப்போது வெட்டிய இடம் விடையைப் பாதிக்கும். துண்டுகளைத் தனித்தனியே கணிக்கலாமா கூடாதா என்பது பொறியைச் சார்ந்த வினா எனத் தோன்றினும், ‘எழுத்து’ என்பதற்கு இலக்கணநிலையில் தரும் வரையறையையே அது சார்ந்துள்ளது. ஏவல் நெறியில் எழுதிய மடக்குக்குள் இச்சார்பு மறைந்துகிடக்கும். சார்பு நெறி அதனை வரையறையின் மேற்பரப்புக்குக் கொணர்ந்துவிடுகிறது.

பொருள்நோக்கு நெறி

ஆஸ்லோவிலுள்ள நார்வேக் கணிப்பு மையத்தில் ஓலே-யோகன் டாலும் கிறிஸ்டன் நிகோர்டும் உருவாக்கிய சிமுலா 67 இந்நெறியின் தாய். உலக நிகழ்வுகளைப் போலச்செய்து ஆராய்வதே அம்மொழிக் குடும்பத்தின் தொடக்க நோக்கம். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுமையத்தில் ஆலன் கே குழுவினர் வளர்த்த ஸ்மால்டாக், பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தியனுப்பிக் கொள்வதே கணித்தல் என்னும் கருத்தை முழுமையாக்கியது. பின்வந்த சி++, ஜாவா ஆகியவை வகுப்பு, மரபுரிமம் என்னும் கூறுகளை முன்னிறுத்தின. பாடநூல்களில் இந்நெறி விளக்கப்படும் அளவுக்கு ஏனையவை விளக்கப்படுவதில்லை என்பதால் அடிப்படைகளை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஸ்விஃப்ட் மொழி ‘தமிழ்’ என்பதற்கு மூன்று என விடையளிப்பது இந்நெறி வளர்த்த ஒரு கருத்தின் பயன்: சரம் தன் உட்சேமிப்பை மறைத்துக்கொண்டு, கேட்கும் வினாவுக்கு மட்டும் விடை தருகிறது. ஆயினும் ஸ்விஃப்டில் சரம் ஒரு வகுப்பன்று; மதிப்பாகக் கையாளப்படும் கட்டமைப்பே. மறைத்தல் என்னும் பண்பு பொருள்நோக்கு நெறிக்கே உரியதெனக் கூறுவது பொருந்தாது என்பதற்கு இது சான்று.

இந்நெறியையும் சார்பு நெறியையும் ஒப்பிடத் தமிழ்ச் சொல்வகைகள் நல்லதொரு களம். பெயர், வினை, இடை, உரி எனச் சொல் நால்வகை. ஓர் உருபனியல் பகுப்பி இவற்றின்மீது பகுதி காணல், உருபேற்றல், ஒலிபெயர்த்தல் எனப் பல செயல்களைச் செய்ய வேண்டும். பொருள்நோக்கில் ஒவ்வொரு சொல்வகையும் ஒரு வகுப்பு. செயல்கள் வகுப்புக்குள் அடங்கும். புதிய சொல்வகை ஒன்றைச் சேர்ப்பது எளிது. புதிய செயலொன்றைச் சேர்க்க நான்கு வகுப்புகளையும் திருத்த வேண்டும். சார்பு நெறியில் ஒவ்வொரு செயலும் ஒரு சார்பு. நால்வகைக்கும் உரிய விதிகள் அதனுள் அடுக்கப்படும். அங்குப் புதிய செயல் எளிது. புதிய வகை கடிது. இச்சிக்கலுக்கு 1998இல் ஃபிலிப் வாட்லர் ‘கோவைச் சிக்கல்’ எனப் பொருள்படும் பெயரை இட்டார். தமிழைப் பொறுத்தவரை சொல்வகை நான்கென்பது நெடுங்காலமாக நிலைபெற்றது. செய்ய வேண்டிய செயல்களோ ஆண்டுதோறும் பெருகுகின்றன. எனவே இப்பணிக்குச் சார்பு நெறியின் அடுக்குமுறையே ஏற்றது எனத் துணியலாம். சொல்லதிகாரத்தில் பெயரியல், வினையியல், இடையியல், உரியியல் எனத் தொல்காப்பியர் வகைப்படி இயல்களை அமைத்திருப்பதைக் கொண்டு அவர் பொருள்நோக்கு நெறியினர் என வாதிடுவோரும் எழக்கூடும். அதே அதிகாரத்தில் வேற்றுமையியலும் எச்சவியலும் உள்ளன என்பதை அவர்கள் கருத வேண்டும்.

தருக்க நெறி

மேற்கண்ட மூன்றும் உள்ளீட்டிலிருந்து வெளியீட்டை நோக்கி ஒரே திசையில் செல்வன. தருக்க நெறி உள்ளீடு, வெளியீடு என்னும் வேறுபாட்டையே கைவிடுகிறது. 1972இல் பிரான்சின் மார்சேயில் அலென் கோல்மெரோவரும் ஃபிலிப் ரூசலும், ராபர்ட் கோவால்ஸ்கியின் கருத்துகளின் துணையோடு உருவாக்கிய புரோலாக் இதன் முதன்மை மொழி. இயற்கைமொழியைக் கணினிக்குப் புரியவைக்கும் முயற்சியிலேயே அது பிறந்தது என்பது தமிழாய்வாளர் கவனத்துக்குரியது.

வேற்றுமைப் புணர்ச்சியில் நிலைமொழி ஈற்று னகரமும் லகரமும் வருமொழிக் க, ச, பக்களின் முன் றகரமாகத் திரியும். ணகரமும் ளகரமும் டகரமாகத் திரியும். பொன் + குடம் = பொற்குடம்; பல் + பொடி = பற்பொடி; மண் + குடம் = மட்குடம்; முள் + செடி = முட்செடி. இவ்விதியைத் தருக்க நெறியில் உறவுகளாக எழுதலாம்:

திரியும்(ன், ற்).
திரியும்(ல், ற்).
திரியும்(ண், ட்).
திரியும்(ள், ட்).

இவற்றைக் கொண்டு புணரும்(நிலைமொழி, வருமொழி, புணர்மொழி) என்னும் உறவு வரையறுக்கப்படும்: நிலைமொழி ஓர் உடலும் ஓர் ஈறுமாகப் பிரியும், வருமொழி க, ச, ப என்பவற்றுள் ஒன்றை முதலாக உடையது, ஈறு இன்னதாகத் திரியும், உடலும் திரிந்த ஈறும் வருமொழியும் சேர்ந்தது புணர்மொழி. இதில் எங்கும் ‘செய்’ என்னும் ஏவல் இல்லை. எது எதனோடு எவ்வுறவில் உள்ளது என்பது மட்டுமே கூறப்படுகிறது.

நிலைமொழி ‘பொன்’, வருமொழி ‘குடம்’ எனத் தந்து புணர்மொழியை வினவினால் ‘பொற்குடம்’ என்னும் விடை வரும். அதே நிரலிடம், ஒரு வரியும் மாற்றாமல், புணர்மொழி ‘பொற்குடம்’ எனத் தந்து ஏனை இரண்டையும் வினவலாம். சேர்த்தெழுதும் நிரலே பிரித்தெழுதும் நிரலும் ஆகிறது. ஏவல் நெறியில் இவை தனித்தனியே எழுதப்பட வேண்டிய இரு நிரல்கள். ஒன்றில் விதியைத் திருத்தி மற்றொன்றில் திருத்த மறந்தால் இரண்டும் முரண்படும். கிம்மோ கோஸ்கென்னியெமி 1983இல் ஃபின்னிய மொழிக்காக முன்வைத்த ஈரடுக்கு உருபனியலும் இவ்வாறே இருதிசையில் இயங்குவது. எனினும் அது தருக்க நிரலன்று, முடிவுறு நிலைப் பொறிகளால் ஆனது.

பின்திசையில் வினவும்போது ஒரு விடை மட்டும் வருவதில்லை. ‘பொற்குடம்’ என்பதற்குப் பொன் + குடம் என்பதோடு பொல் + குடம் என்பதும் விடையாக வரும். றகரம் னகரத்திலிருந்தும் வந்திருக்கலாம், லகரத்திலிருந்தும் வந்திருக்கலாம் அன்றோ? இது நிரலின் குறை அன்று. விதி மட்டும் அறிந்து சொல் அறியாதவர் நிலையும் இதுவே. அகராதியை மற்றோர் உறவாகச் சேர்த்து, நிலைமொழி அகராதியில் இருத்தல் வேண்டும் என ஒரு கட்டுப்பாட்டை இட்டால் பொருந்தா விடைகள் நீங்கும். இரு பிரிப்புகளும் அகராதிச் சொற்களாக அமையுமிடத்து இரண்டும் எஞ்சும். அங்கே சூழலே துணை. விதியும் சொல்லறிவும் சூழலறிவும் எங்கெங்கே பிரிகின்றன என்பதை இந்நெறி இவ்வளவு தெளிவாகக் காட்டுவது அதன் தனிச்சிறப்பு.

ஆயினும் புரோலாக் தருக்க நெறியின் தூய வடிவம் அன்று. அது விதிகளை எழுதிய வரிசையிலேயே முயன்று பார்க்கும். வரிசை பிழைத்தால் முடிவின்றிச் சுழலவும் கூடும். அதன் எண்கணித மதிப்பீடு ஒரு திசையில் மட்டுமே இயங்கும். தேடலை வெட்டும் குறியை இட்டுவிட்டால் பின்திசை வினா சில விடைகளை இழக்கும். நெறி ஒன்றைச் சொல்ல, மொழி அதனை ஏறத்தாழவே நிறைவேற்றுகிறது.

உருக்கொள்ளுதல்

ஒரு மொழியில் ஒரு நெறியைப் பின்பற்ற இயலுமா என்று கேட்பதால் தெளிவு பிறப்பதில்லை. போதிய முயற்சியிருப்பின் எந்த மொழியிலும் எதையும் எழுதலாம். எதனை எளிதாக்குகிறது, எதனைத் தடுக்கிறது, ஒன்றும் சொல்லாவிடில் எதனைக் கொள்கிறது என்பவையே உரிய வினாக்கள். பைத்தானில் சார்புகளை மதிப்புகளாகக் கையாளலாம். ஆதலின் அது சார்பு நெறியையும் தாங்கும் என்பர். எழுத்தெண்ணும் சார்பு தன்னைத்தானே அழைத்துக்கொண்டு அடுத்த குறிக்குச் செல்லுமாறு அதில் எழுதிப் பார்க்கலாம். இரண்டாயிரம் குறிகள் கொண்ட ஒரு பக்கத்தைத் தந்தால் நிரல் இடையில் நின்றுவிடும். அத்தகைய அழைப்புகளின் ஆழத்துக்குப் பைத்தான் இயல்பாக இட்டுள்ள வரம்பு 1000. 1975இல் தோன்றிய ஸ்கீம் மொழியிலோ, இறுதிநிலை அழைப்பாக அமையும்படி எழுதினால் எத்துணை நீண்ட சரமும் தடையின்றி எண்ணப்படும். அவ்வாறு இயங்க வேண்டுமென மொழியின் செந்தரமே விதிக்கிறது. இரு மொழிகளிலும் நிரல் ஏறத்தாழ ஒன்றே. ஒன்று நெறியை அனுமதிக்கிறது. மற்றொன்று அதற்கு உறுதியளிக்கிறது.

ஜாவா 2014இல் வெளிவந்த எட்டாம் பதிப்பில் பெயரில்லாச் சார்புகளை ஏற்றது. சி++ அதற்கு மூன்றாண்டு முன்னரே ஏற்றிருந்தது. இன்றைய பெருமொழிகள் பெரும்பாலும் பலநெறி மொழிகளே. ஆயினும் பழைய நெறியின் இயல்புநிலை மாறுவதில்லை. ஜாவாவில் மாறிகள் இன்றும் இயல்பாக மாறக்கூடியனவே.

தமிழ்ச்சொற்களைக் கொண்ட கணினிமொழி இவ்விடத்தில் ஆராயத்தக்கது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், பைத்தானில் இயற்றப்பட்டது. 2009இல் அதுபற்றிய கட்டுரை வெளியானது. அதில் நிபந்தனை இவ்வாறு எழுதப்படும்:

@( எண் > 0 ) ஆனால்
பதிப்பி "நேர்ம எண்"
முடி

ஆங்கில மொழிகளில் நிபந்தனைச்சொல் முன்வரும். எழிலில் ‘ஆனால்’ பின்வருகிறது. தமிழ்த் தொடரமைப்புக்கு இசைந்த இம்மாற்றம் வெறும் சொற்பெயர்ப்பைக் கடந்தது. தொடக்கநிலை மாணவர் அயற்சொல்லின் தடையின்றி நிரலாக்கத்துள் நுழைய இது வழிசெய்கிறது. எனினும் பதிப்பி, முடி என்னும் ஏவல் வினைகள் காட்டுவதுபோல, நெறி ஏவல் நெறியே. கலைச்சொற்களைத் தமிழாக்குவதும் நெறியைத் தேர்வதும் வெவ்வேறு அடுக்கில் நிகழும் பணிகள்.

இவ்விரு அடுக்குகளுக்கும் இடையில் எழுத்துமுறை என்னும் மூன்றாவது அடுக்கு ஒன்று உண்டு. அது பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. புரோலாக்கில் பேரெழுத்தில் தொடங்கும் பெயர் மாறி; சிற்றெழுத்தில் தொடங்குவது மாறிலி. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு இல்லை. ஒருங்குறியை ஏற்கும் எஸ்டபிள்யூஐ-புரோலாக்கில் ‘நிலைமொழி’ என எழுதினால் அது மாறிலியாகவே கொள்ளப்படும். மாறியாக்க முன்னே அடிக்கோடு இட வேண்டும். மேலே காட்டிய புணரும் என்னும் உறவை அம்மொழியில் இயக்க விரும்புவோர் ஒவ்வொரு மாறிக்கும் அவ்வாறு செய்தாக வேண்டும். 2009இல் வெளியான கோ மொழியில் இடர் இதனினும் கடுமை. அதில் பெயர்கள் எழுத்துகளாலும் எண்களாலும் அடிக்கோட்டாலும் மட்டுமே அமையலாம். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் ஒருங்குறி வகைப்பாட்டில் ‘எழுத்து’ அல்ல என்பதால் அவற்றுக்கு அங்கு இடமில்லை. ‘அகல’ என்பதை ஒரு மாறியின் பெயராக வைக்கலாம். ‘அகலம்’ என வைக்க முயன்றால் இறுதிப் புள்ளியில் நிரல்பெயர்ப்பி பிழைகாட்டி நின்றுவிடும். 2008இல் வெளிவந்த பைத்தானின் மூன்றாம் பதிப்பு இரண்டையும் ஏற்கிறது.